தோளுக்கு ஏற்ற பை

கடைக்காரர் மூன்றாவது பையின் ஜிப்பைத் திறந்து கவிழ்த்தார். வடிவம் கலையாமலிருக்கத் திணித்திருந்த காகித உருண்டைகள் மேஜைமேல் ஓடின. "இதைப் பாருங்கக்கா. பத்து நாள் டூரே போயிட்டு வரலாம்" என்றார்.

டூர் போகிற சாமான் இல்லை என்பதை அவருக்கு எப்படி விளக்குவது? அவள் வீட்டிலிருந்து கொண்டுவந்த துணிப்பையிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து மேஜையில் வைத்தாள். கெட்டி அட்டை போட்ட விதிப்புத்தகங்கள், சுருட்டிய வரைபடம், கதை சொல்பவள் தன் முன்னால் நிறுத்திவைத்து மறைந்துகொள்ளும் மடிப்புத் தட்டி, டப்பா நிறையப் பகடைகள், பஞ்சில் சுற்றிய கட்டைவிரல் உயரப் பொம்மைகள். கடைக்காரர் இருபது முகம் உள்ள பகடை ஒன்றை உருட்டிப் பார்த்துவிட்டு, குழந்தைகள் விளையாடுவதா என்று கேட்டார்.

"இல்லீங்க. கழுதை வயசான நாங்கதான்" என்றான் கணவன். கடைக்காரர் சிரித்தார். அவளும் சிரித்தாள்.

ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் அவர்கள் வீட்டுச் சாப்பாட்டு மேஜை ஒரு நாடாகிவிடும். மலைகளும் ஆறுகளும் வைத்து அந்த நாட்டைக் கட்டியவள் அவள். கண்ணாடிக் கடையில் லென்ஸ் பொருத்திக்கொண்டே அடுத்த வாரக் கதையை யோசிப்பாள். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாக அந்த நாட்டுக்குள் நடப்பார்கள். எடுத்த காரியம் பலிக்குமா என்பதைப் பகடை சொல்லும். கணவன் ஒரு படகோட்டி. வெள்ளத்தில் தொலைந்துபோன மனைவியைத் தேடி ஊர் ஊராகத் துடுப்புப் போடுகிறவன். "உங்க வீட்டுக்காரர் கதையிலயாவது பொண்டாட்டியத் தேடுறாருக்கா. நான் மார்க்கெட்ல தொலைஞ்சா எங்க வீட்டு ஆளு, தானா ஆட்டோ பிடிச்சு வந்துருவான்னு டிவி பாத்துட்டு இருக்கும்" என்பாள் ஓரகத்தி. அவள் சொல்லும் அந்த ஆள், கணவனின் தம்பி. வாசல் நிலையில் இடிக்காமல் எந்த வீட்டுக்குள்ளும் நுழைய முடியாத உயரம். குடும்பத்தில் அவனைக் கொக்கு என்றுதான் கூப்பிடுவார்கள்.

மழைக்காலம் தொடங்கும்போது அவளுடைய அப்பா வழுக்கி விழுந்து இடுப்பை முறித்துக்கொண்டார். மழை ஓயும்வரை அவள் அப்பா வீட்டோடு இருந்துவிட்டாள். போவதற்கு முந்தைய ஞாயிறு கதையை ஒரு செம்புக் கதவின் முன்னால் நிறுத்தியிருந்தாள். பின்னால் என்ன இருக்கிறது என்று அவளுக்கு மட்டும்தான் தெரியும். தினமும் போனில் கேட்பாள், விளையாட்டு என்ன ஆயிற்று என்று. கணவன் சொல்லும் பதிலும் மாறாது. "நீ இல்லாம என்ன விளையாட்டு? பகடையெல்லாம் தூசி பிடிச்சுக் கிடக்கு. நீ வா, அப்புறம் பாத்துக்கலாம்." அந்த ஒரு வாக்கியத்தைப் போர்த்திக்கொண்டு அவள் தூங்கினாள். ஒரு நாடே அப்படியே உறைந்து நின்று தனக்காகக் காத்திருக்கிறது என்பது சாதாரண விஷயமா? அப்பா கண்ணயரும் நேரங்களில், கடையிலிருந்து கொண்டுபோன பூதக்கண்ணாடியின் கீழே களிமண்ணில் ஒரு பெண்ணைச் செய்தாள். கையில் விளக்கு. முந்தானை நனைந்து உடம்போடு ஒட்டியிருந்தது. கதவு திறந்ததும் படகோட்டியிடம் அந்தப் பெண் என்ன கேட்பாள் என்பதுகூட முடிவாகிவிட்டது. ஏன் இவ்வளவு நேரம்? அவ்வளவுதான் கேட்பாள்.

அந்தப் பொம்மை இப்போது கைப்பையில், ஒரு பழைய மூக்குக்கண்ணாடிக் கூட்டுக்குள் இருந்தது.

துணிப்பையைத் தூக்கிக்கொண்டு எத்தனை நாள் அலைவது, நல்லதாக ஒன்று வாங்குவோம் என்று கணவன்தான் அழைத்து வந்தான். மருந்து மாதிரிகளைச் சுமந்து டாக்டர் டாக்டராக ஏறி இறங்குகிறவன். பை விஷயத்தில் தன்னை யாரும் ஏமாற்ற முடியாது என்று தையலை இழுத்துப் பார்த்தான், அடிப்பாகத்தைத் தட்டிப் பார்த்தான். வீட்டு மேஜையைத் தாண்டாத சாமானுக்குப் பை எதற்கு என்று அவளுக்குத் தோன்றவில்லை; அந்த அக்கறை இதமாக இருந்தது. டப்பாவில் தூசி ஒரு பொட்டுக்கூட இல்லாததைப் பார்த்தபோதும், தான் வருவதற்காகத் துடைத்து வைத்திருக்கிறார் என்றே நினைத்தாள்.

கடைக்காரர் பையை அவள் தோளில் மாட்டி, பட்டையை இழுத்துச் சுருக்கினார். பை இடுப்பில் வந்து அழகாக உட்கார்ந்தது.

"இன்னும் இறக்குங்க" என்றான் கணவன்.

இறக்கினார். இன்னும் கொஞ்சம் என்றான். பட்டை முடியும்வரை இறக்கியதும் பை அவள் முழங்காலில் வந்து மோதியது.

"எதுக்குங்க இவ்வளவு நீளம்? காலைத் தட்டுது."

அவன் ஜிப்பை ஒருமுறை திறந்து மூடினான். கல்யாணப் போட்டோவில் இருவரும் ஒரே உயரமாக நிற்பார்கள். மூக்குக்கும் காதுக்கும் அளவெடுத்தே பழகிய கண் அவளுடையது. அந்தப் பட்டையை ஒருமுறை பார்த்தாள். அது எந்தத் தோளுக்கு என்று தெரிந்துவிட்டது.

"கொக்குக்கா?"

கடைக்காரர் வேறு பை எடுக்கிற சாக்கில் உள்ளே போனார். அதன்பிறகு கணவன் சொன்னதெல்லாம் வெந்ததும் வேகாததுமாக வந்தது. முதல் வாரம் சும்மா பொழுதுபோக்குக்காகத் தம்பி வீட்டில் உட்கார்ந்தார்களாம். அடுத்த வாரமும். அவன் கதையில் சண்டை அதிகம், விறுவிறுப்பு அதிகம். எல்லோருக்கும் பிடித்துவிட்டது. இனி அவனே சொல்லட்டும் என்று பேச்சு வந்தது. அவளுக்கும் அப்பா, கடை என்று எத்தனை பாடு, நிம்மதியாக வந்து விளையாடினால் போதாதா?

"என் நாட்டுலதான விளையாடினீங்க?"

"புதுசா ஒண்ணு செய்ய அவனுக்கு வராதில்ல."

"சரி. எல்லாரும் சேந்து முடிவு பண்ணப்போ நீங்க என்ன சொன்னீங்க?"

அவன் விதிப்புத்தகங்களின் முனைகளைத் தட்டிச் சமமாக்கினான். "நான் வேணாம்னு சொல்லலை."

கொக்கு மீனுக்காக ஒற்றைக்காலில் நின்றதில் அவளுக்கு ஆச்சரியமில்லை. கொக்கு அப்படித்தான் நிற்கும். கரையில் காவல் வைத்துப் போன ஆள்தான் மீனை அள்ளிக் கொடுத்திருக்கிறார். "விளையாடினது போகட்டுங்க" என்றாள். "தினமும் தூசின்னு சொன்னீங்களே."

அவன் வரைபடத்தை இன்னும் இறுக்கிச் சுருட்டினான். கடைக்காரர் வெறுங்கையோடு திரும்பி வந்து, பில் போடலாமா என்று கேட்டார். அவள் தலையாட்டினாள். எது எதன்மேல் இருக்க வேண்டும் என்பது அவளுக்குத்தான் தெரியும் என்பதால் அவளே அடுக்கினாள். தட்டி முதுகுப் பக்கம், புத்தகம் அதையடுத்து, பகடை ஓரத்தில். படகோட்டியைப் பஞ்சோடு எடுத்துப் பையின் பக்கவாட்டு அறையில் படுக்கவைத்தாள்.

"முன்னாடி ஒரு சின்ன ஜிப் இருக்குக்கா" என்று காட்டினார் கடைக்காரர். "கண்ணாடிக் கூடு கரெக்டா உக்காரும்."

"இருக்கட்டும்" என்றாள்.

வெளியே வந்ததும் கணவன் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு குரலைத் தாழ்த்தினான். "அந்தக் கதவு மட்டும் இன்னும் திறக்கலை. அண்ணிகிட்டக் கேட்டுட்டு வான்னு சொன்னான். பின்னால என்ன வச்சிருக்கே? எங்கிட்ட மட்டும் சொல்லேன்."

அவள் அவன் முகத்தைப் பார்த்தாள். உண்மையிலேயே ஆவலாக இருந்தான். படகோட்டி அல்லவா.

"ஒண்ணுமில்ல" என்றாள். "செவுருதான்."

"சும்மா சொல்லாத" என்று சிரித்தபடி அவன் முன்னால் நடந்தான். பட்டையைச் சுருக்க மறந்திருந்தான். அடிக்கொரு தரம் பை அவன் முழங்காலில் மோதியது. உள்ளே பகடைகள் தாமாக உருண்டுகொண்டிருந்தன. கைப்பையை மார்போடு அணைத்தபடி அவள் பின்னால் போனாள். அதனுள், மூடிய கூட்டின் இருட்டில், கட்டைவிரல் உயரப் பெண் ஒருத்தி விளக்கைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.