வளைவில் முந்தியவள்

இசக்கியப்பன் கடையில் அந்தக் கைக்கடிகாரத்தை எடுத்துக் கட்டிப் பார்க்கும்போதெல்லாம் சீனித்தாய்க்கு ஒரே முகம்தான் கண்ணுக்குள் வரும். செல்வதுரையின் முகம். அதில் வரைபடம் தெரியும், பேட்டரி வாரக்கணக்கில் நிற்கும், நெஞ்சுத்துடிப்பைக்கூடச் சொல்லும் என்று இசக்கியப்பன் அடுக்கிக்கொண்டே போனான். அவள் காதில் எதுவும் ஏறவில்லை. இதைக் கட்டிக்கொண்டு ஓட வேண்டும், ஓடிய தடத்தை அந்த ஆளின் மூஞ்சிக்கு நேராக நீட்ட வேண்டும். அவளுக்கு வேண்டியது அவ்வளவுதான்.

"செல்வதுரை சாரும் இதே மாடல்தாங்க்கா கட்டியிருக்காவ" என்றான் இசக்கியப்பன். விவரம் தெரியாமல் சொன்னான்.

சீனித்தாய் வாரைக் கழற்றிக் கண்ணாடி மேசையில் வைத்தாள். "எடுத்து வைங்க தம்பி. யோசிச்சுச் சொல்லுதேன்."

அவளும் புருஷன் சிவபாலனும் முத்தையாபுரத்தில் பலசரக்குக் கடை வைத்திருக்கிறார்கள். துறைமுகத்துக்குப் போகிற லாரிக்காரர்களும், உப்பளத்து ஆட்களும், சுற்றியுள்ள குடியிருப்புகளில் இருப்பவர்களும்தான் வாடிக்கை. சர்க்கரை எட்டிப் பார்க்கிறது, தினம் நடங்கள் என்று டாக்டர் சொன்னதில் கடற்கரைச் சாலையில் நடக்க ஆரம்பித்தாள். நடை சலித்து ஓடத் தொடங்கியபோதுதான், தன் கால்களுக்கு இப்படி ஒரு வெறி இருந்ததே அவளுக்குத் தெரிந்தது. கல்லாவில் உட்கார்ந்து உட்கார்ந்து மரத்துப்போன உடம்பு, ஓட ஓடத் தீட்டிய அரிவாள் மாதிரி ஆகிவிட்டது.

அங்கே ஓடுகிறவர்களின் குழுவுக்குத் தலைவன் செல்வதுரை. கப்பல் ஏஜென்சி ஒன்றில் மேனேஜர். யார் எந்த ஷூ வாங்க வேண்டும், யார் எவ்வளவு தண்ணீர் குடிக்க வேண்டும் என்பதையெல்லாம் அவன்தான் சொல்வான். சீனித்தாய் வாய்க்கு அவன் சார்தான். இப்போது மனசுக்குள் அவன் இவன்தான்.

போன வருஷம் அந்தக் குழு நடத்திய அரை மாரத்தான்தான் அதற்குக் காரணம். துறைமுகச் சாலையில், உப்பளத்தைச் சுற்றிக்கொண்டு பாதை வளைகிற இடத்தில் செல்வதுரை அவளுக்கு முன்னால் ஓடிக்கொண்டிருந்தான். சீனித்தாய் அவனை எட்டிப் பிடித்து, ஒரு நொடி தோளோடு தோளாக ஓடி, முந்திப் போனாள். அவன் திரும்பி அவள் முகத்தைப் பார்த்தான். பலசரக்குக் கடைக்காரி தன்னை முந்துகிறாள் என்பது அவன் கண்ணில் ஏறுவதற்குக் கொஞ்சம் நேரம் பிடித்தது. அதை அவள் நன்றாகப் பார்த்தாள். பெண்களில் அவள்தான் முதலாவது வந்தாள்.

மறுநாள் குழுவின் வாட்ஸ்அப்பில் ஒரு படம் வந்தது. பந்தயம் முடிந்த பெருமையில் அவளே குழுவில் போட்டிருந்த, அவளுடைய பழைய கடிகாரம் பதிவு செய்த தடம். ஊரெல்லாம் ஒழுங்காகப் போன கோடு, உப்பள வளைவில் மட்டும் பாத்திகளுக்கு நடுவே வெட்டிக்கொண்டு நேராகப் போயிருந்தது. அதைச் சுற்றிச் சிவப்பு வட்டம். கீழே செல்வதுரை எழுதியிருந்தான்: 'குறுக்கு வழி வெற்றிக்கு வழி அல்ல.'

பேட்டரி இறங்கினால் அந்தச் சாதாரணக் கடிகாரம் அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் புள்ளி வைக்கும், நடுவில் தானே கோட்டை இழுத்துவிடும். இது அவளுக்கு அப்புறம்தான் தெரியவந்தது. அன்றைக்கு அவள் செல்வதுரைக்கு நேரே போன் போட்டாள்.

"சார், அந்த வளைவுல வச்சுத்தான நான் உங்கள முந்துனேன்? நீங்கதான பாத்தீங்க?"

"நான் கவனிக்கல மேடம்" என்றான். "ஆனா ஜிபிஎஸ் பொய் சொல்லாதுல்ல?"

அவள் பெயரை எடுத்துவிட்டு அடுத்து வந்தவருக்கு முதலிடம் கொடுத்தார்கள். அதையாவது தாங்கியிருப்பாள். கடைக்கு சோடா குடிக்க வந்த லாரி டிரைவர், "யக்கா, ஹார்பருக்குக் குறுக்கு வழி எதுக்கா?" என்று கேட்டுவிட்டுச் சிரித்தான். பக்கத்தில் நின்றவர்களும் சிரித்தார்கள். சிவபாலன் தலையைக் குனிந்துகொண்டு துவரம்பருப்பை நிறுத்தான். அந்தக் குனிந்த தலைதான் அவள் நெஞ்சில் முள்ளாகத் தைத்தது. அவள் குழுவிலிருந்து விலகினாள். ஓட்டத்தை விடவில்லை. ஒவ்வொரு காலையும் அந்தச் சிரிப்பை நினைத்தே ஓடினாள்.

இந்த வருஷத்துப் பந்தயம் நெருங்க நெருங்கத்தான் அந்த விலையுயர்ந்த கடிகாரத்தின் மேல் கண் விழுந்தது.

"வேணும்னா வாங்கிக்கிடேம்ளா" என்றான் சிவபாலன். "தீவாளிக்குன்னு நெனச்சுக்கிடுவோம். ஆனா ஒண்ணு, அது ஒனக்கா, இல்ல அவனுக்கா?"

"ரெண்டும் ஒண்ணுதான்" என்றாள் அவள்.

அவளோடு கூட ஓடுகிற ஒரே ஆள் ஷெர்லின். ஆஸ்பத்திரியில் நர்ஸ். அவளிடமும் அதே கடிகாரம் இருந்தது, துபாயிலிருந்து அண்ணன் கொண்டுவந்தது. "எதுக்குக்கா சும்மா யோசிச்சுக்கிட்டு? ஒரு நாள் என்னத கெட்டி ஓடிப் பாருங்க, பொறவு முடிவு பண்ணுங்க" என்று கொடுத்தாள்.

சீனித்தாய் ஒரு கையில் பழசையும் மறு கையில் ஷெர்லினுடையதையும் கட்டிக்கொண்டு அதே துறைமுகச் சாலையில் ஓடினாள். வெயில் ஏறுவதற்குள் இருவரும் பாலத்துச் சுவரில் உட்கார்ந்து தடங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். புதுசு வளைவை நூல் பிடித்த மாதிரி வரைந்திருந்தது. நிறையச் சார்ஜ் ஏற்றிவந்த பழசும் கிட்டத்தட்ட அதே மாதிரிதான் வரைந்திருந்தது.

"இதுவே சரியாத்தானே இருக்கு" என்றாள் ஷெர்லின் ஏமாந்த குரலில்.

உப்பளத்தில் வெள்ளைக் குவியல்கள் கண்ணைக் கூசவைத்தன. சீனித்தாய் மனசுக்குள் கணக்கு வேறு மாதிரி ஓடியது. இதை வாங்கி இந்த வருஷம் ஓடினால், இந்த வருஷத்துத் தடம்தான் பதியும். போன வருஷம் போன வருஷமாகவேதான் இருக்கும். இந்தத் தடவை ஒழுங்காக ஓடினாள், போன தடவை ஏமாற்றினாள் என்றுதான் ஊர் சொல்லும். போன வருஷம் அந்த வளைவில் நடந்ததைப் பார்த்த சாட்சி உலகத்தில் ஒரே ஒருத்தன்தான். அவனுக்கு ஜிபிஎஸ் தேவையில்லை. அவன் கண்ணால் பார்த்தவன்.

"எனக்கு இது வேண்டாம்ளா ஷெர்லின்" என்று கடிகாரத்தைக் கழற்றிக் கொடுத்தாள்.

"அப்ப என்ன செய்யப் போறீங்க?"

"சாட்சியப் பேச வைக்கப் போறேன்."

பந்தயத்தன்று விடிகிற நேரத்தில் கடற்கரைச் சாலையில் கூட்டம் நிறைந்திருந்தது. செல்வதுரை மைக்கைப் பிடித்து, இந்தத் தடவை யாரும் குறுக்கே போக முடியாது, உப்பள வளைவில் ஆள் போட்டிருக்கிறோம் என்று அறிவித்தான். சொல்லும்போது சீனித்தாய் நின்ற பக்கமாகப் பார்த்தான். சிலர் திரும்பி அவளைப் பார்த்தார்கள். அவள் குனிந்து ஷூக் கயிற்றை இறுக்கினாள்.

ஓட்டம் தொடங்கியதும் அவள் அவனுக்கு அரை அடி பின்னால் போய் ஒட்டிக்கொண்டாள். முந்தவும் இல்லை, பின்தங்கவும் இல்லை. அவன் வேகத்தைக் கூட்டினால் கூட்டினாள், குறைத்தால் குறைத்தாள். கூட்டம் கலைந்து சாலை வெறிச்சோடிய பிறகு அவள் காலடிச் சத்தம் அவன் காதுக்குள் விழத் தொடங்கியது. அவன் ஒரு தரம் திரும்பிப் பார்த்தான்.

"முன்னால போங்க மேடம்."

"பரவால்ல சார். நீங்க போங்க, நான் ஒங்க பின்னாலயே வாரேன்."

அவன் கடிகாரம் எச்சரிக்கைச் சத்தம் போட்டது. அவன் மணிக்கட்டைப் பார்த்தான். கொஞ்சம் மெதுவாகப் போகலாமா என்று அவன் தோள் தளர்வது தெரிந்தவுடன், சீனித்தாய் பக்கவாட்டில் ஏறி வந்தாள். தோற்றுவிடக் கூடாது என்று அவன் மறுபடி விரைந்தான். அவள் பின்னால் இறங்கிக்கொண்டாள். இப்படியே அவனை விரட்டினாள். அவன் முதுகுச் சட்டை நனைந்து ஒட்டுவதையும், கழுத்து சிவப்பதையும், மூச்சு உடைவதையும் பார்க்கப் பார்க்க அவளுக்குள் ஒரு குளிர்ச்சி பரவியது. ஒரு வருஷம் சேர்த்து வைத்த ஓட்டம் இது. அவளுக்கு மூச்சே வாங்கவில்லை.

"சார், வாட்ச் ரொம்பச் சத்தம் போடுதே. என்ன சொல்லுது?" என்று கேட்டாள்.

அவனுக்குப் பதில் சொல்ல மூச்சில்லை.

உப்பள வளைவில் பந்தல் போட்டுத் தண்ணீர் வைத்திருந்தார்கள். குறுக்கே போகிறவர்களைப் பிடிப்பதற்கென்று செல்வதுரையே நிறுத்திய ஆட்களாகக் குழுவின் செயலாளர் சங்கரபாண்டியனும் இன்னும் சிலரும் அங்கே நின்றார்கள். பந்தலுக்கு நாலு எட்டு இருக்கும்போதே செல்வதுரையின் கால்கள் பின்னிக்கொண்டன. முழங்காலைப் பிடித்துக் குனிந்து நின்றுவிட்டான். வாயிலிருந்து எச்சில் நூலாக வழிந்தது.

சீனித்தாயும் நின்றாள்.

"போங்க மேடம்... ஒங்க டைம் போவுது" என்றான் திக்கித் திக்கி.

"போவட்டும் சார். எனக்கு ஒரு பதில் வேணும். போன வருசம் நான் ஒங்கள எங்கன வச்சு முந்துனேன்?"

அவன் தலையைத் தூக்காமல் கையை மட்டும் நீட்டினான். "தண்ணி."

பந்தலில் நின்ற ஒரு பெண் தம்ளரை நீட்டினாள். சீனித்தாய் குறுக்கே போய் அதை வாங்கிக்கொண்டாள். வாங்கிக் கையிலேயே வைத்துக்கொண்டாள்.

"சொல்லிட்டுக் குடிங்க சார்."

"ஏம்மா, என்ன செய்யுதீங்க?" என்று சங்கரபாண்டியன் ஓடி வந்தார்.

"நீங்க சும்மா நில்லுங்க அண்ணாச்சி. அந்தப் படத்த வீடு வீடா அனுப்புனவியதான நீங்க? இதையும் கேட்டுட்டுப் போங்க."

அவள் போட்ட சத்தத்தில் பந்தலே அடங்கியது. செல்வதுரை நிமிர்ந்து தம்ளரைப் பார்த்தான். அவளைப் பார்த்தான். போன வருஷம் பார்த்த அதே பார்வை. இந்தத் தடவை அதில் திகைப்பில்லை, பயம்தான் இருந்தது.

"இங்கனதான்" என்றான்.

"எங்கன? அவுகளுக்குக் கேக்கல."

"இங்கனதான்! இந்த ரோட்டுல வச்சுத்தான் முந்துனீங்க. நான் பாத்தேன்."

"பொறவு என்னத்துக்கு அப்படிப் போட்டீங்க?"

"ஆபீஸ்ல எல்லாவனும் கேட்டான்... ஒரு கடைக்காரிட்ட தோத்துட்டியான்னு."

சீனித்தாய் தம்ளரை அவன் கையில் கொடுத்தாள். அவன் இரண்டு கையாலும் பிடித்து மடக்மடக்கென்று குடித்தான், பாதி மேலேயே சிந்தியது. அவள் திரும்பி ஓட ஆரம்பித்தாள். அதற்குள் சில பெண்கள் அவளைத் தாண்டிப் போயிருந்தார்கள். இந்த வருஷம் அவளுக்கு எந்த இடமும் கிடைக்கவில்லை. அதைப் பற்றி நினைக்கக்கூடத் தோன்றவில்லை.

முடிவுக் கோட்டில் ஷெர்லின் காத்திருந்தாள். நடந்தது அவளுக்கும் எட்டியிருந்தது.

"நீங்க கேட்டது சரிதாங்க்கா. ஆனா அந்த நேரத்துல தண்ணியக் குடுக்காம வச்சது தப்பு. ஆளு விழுந்திருந்தா? நான் இந்த மாதிரி எத்தன பேரப் பாத்திருக்கேன் தெரியுமா?"

அந்தத் தம்ளர் கையில் இருந்தபோது தன் கை துளியும் நடுங்கவில்லை என்பது சீனித்தாய்க்கு நினைவு வந்தது. அதை நினைத்துத் தன்மேலேயே ஒரு பயம் எழுந்தது.

"தப்புதான்" என்றாள். "ஆனா திரும்ப அதே எடம் வந்தா, திரும்பவும் அதத்தான் செய்வேன் போலருக்கு."

அந்த வாரத்தில் ஒரு நாள், கடையில் சாயங்காலக் கூட்டம் நெரிந்துகொண்டிருந்தபோது செல்வதுரை வந்தான். கையில் ஒரு பெட்டி. சீனித்தாய் பார்த்தாள், பார்க்காதவள் மாதிரி அடுத்த ஆளுக்குச் சீரகம் மடித்தாள். அவன் ஓரமாக நின்றான். அவனுக்குப் பின்னால் வந்தவர்களுக்கும் அவள் சாமான் கொடுத்து முடித்தாள். சிவபாலன் வெங்காய மூட்டையைப் பிரித்துக்கொண்டே ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தான்.

கடைசியில் செல்வதுரை பெட்டியைக் கல்லா மேல் வைத்தான். அந்தக் கடிகாரம்தான். புதுசு, ஒட்டு பிரிக்காதது.

"இசக்கியப்பன் சொன்னான், நீங்க இதப் பாத்துட்டுப் போனீங்கன்னு. என் சார்பா வச்சுக்கிடுங்க மேடம். நடந்தத மறந்துருவோம்."

"இது எனக்கு வேண்டாம்னு நான் அப்பமே முடிவு பண்ணிட்டேன் சார்." பெட்டியை அவன் பக்கமாகத் தள்ளினாள். "பந்தல்ல நின்ன நாலு பேருக்குத்தான் விசயம் தெரியும். படத்த நீங்க ஊருக்கே போட்டீங்க. அதே எடத்துல எழுதுங்க."

"நாளைக்குப் போட்டுருதேன்."

"இங்கன நின்னே எழுதுங்க. எனக்கு அவசரமில்ல."

அவன் சுற்றிப் பார்த்தான். எண்ணெய் வாங்க வந்த இரண்டு பெண்கள் போகாமல் நின்றார்கள். வேறு வழியில்லாமல் போனை எடுத்துத் தட்டினான். எழுதிவிட்டு அவள் பக்கம் நீட்டினான். சீனித்தாய் புடவைத் தலைப்பில் கையைத் துடைத்துவிட்டு வாங்கி, நிதானமாக வாய்விட்டு வாசித்தாள்.

"'சென்ற ஆண்டு சீனித்தாய் அவர்கள் முறையாகவே ஓடி வென்றார். அவரைப் பற்றி நான் தவறுதலாகப் பதிவிட்டேன். வருந்துகிறேன்.'"

போனைத் திருப்பிக் கொடுத்தாள்.

"நல்லாத்தான் எழுதியிருக்கீங்க. 'தவறுதலாக'ங்கத மட்டும் எடுத்துருங்க."

"மேடம்..."

"தவறுதலா இல்லல்லா சார். தெரிஞ்சேதான போட்டீங்க? 'தெரிந்தே பொய்யாக'ன்னு போடுங்க."

செல்வதுரை சிவபாலனைப் பார்த்தான், அவனாவது ஒரு வார்த்தை சொல்வானோ என்று. சிவபாலன் நிமிர்ந்து நின்று அவனையே பார்த்துக்கொண்டிருந்தான். எண்ணெய் வாங்க வந்த பெண்களில் ஒருத்தி இடுப்பில் கை வைத்துக்கொண்டாள்.

அவன் அழித்தான். எழுதினான். அனுப்பினான்.

சீனித்தாய் அந்தப் பெண் பக்கம் திரும்பினாள். "ஒனக்கு என்னம்மா வேணும், நல்லெண்ணெயா, தேங்கா எண்ணெயா?"