நானூற்று எண்பது ஊசிகள்

வெய் சுன்மேய் பன்றிப் பண்ணைக்குள் வேலைக்கு வந்து எண்பது நாளாகியிருந்தது. வெளியிலிருந்து நோய் வந்துவிடக்கூடாது என்று, உள்ளே வந்தவர்கள் மூன்று மாதம் வெளியே போக முடியாது. மேலே புகார் ஏதும் இல்லாவிட்டால் பிறகு ஏழு நாள் விடுப்பு. அவளுடையது ஜூன் ஐந்தில் தொடங்க வேண்டும். ஏழாம் தேதி மகள் நிங்குக்குக் கல்லூரி நுழைவுத் தேர்வு. மற்ற அம்மாக்களைப் போல ராசிக்காகச் சிவப்புச் சீப்பாவ் என்ற சீன அங்கி உடுத்திப் பள்ளி வாசலில் நிற்பதாகச் சொல்லியிருந்தாள். மகளின் எந்த நல்ல நாளிலும் அவள் பக்கத்தில் இருந்ததில்லை.

மே இருபத்தேழில் மூன்றாம் கொட்டகைக்கு, பன்றிகளைத் தாக்கும் நீலக்காது நோய்க்கான தடுப்பூசி. போடும் வேலை அவளுடையது. நானூற்று எண்பது தாய்ப்பன்றிகள். நோய் தொற்றாமலிருக்க ஒரு பன்றிக்கு ஒரு ஊசி என்பது விதி. போட்ட ஊசிகளை மஞ்சள் பெட்டியில் சேர்க்க வேண்டும். மேலாளர் லூ சாயங்காலம் எண்ணிப் பார்ப்பார். கரைத்த மருந்தோ இரண்டு மணி நேரத்துக்கு மேல் தாங்காது; ஒவ்வொன்றுக்கும் ஊசி மாற்ற நேரம் போதாது. அதனால் பழைய ஆட்கள் வரிசைக்கு ஓர் ஊசி என்று போட்டுவிட்டு, மீதிப் புது ஊசிகளை உறை கழற்றி மஞ்சள் பெட்டியில் கொட்டிவிடுவார்கள். எண்ணிக்கை சரியாக இருக்கும். சுன்மேயும் அப்படித்தான் செய்தாள்.

அந்தக் கொட்டகையில் தீவனம் போடுபவன் பெங் தாகாங். அன்று காலை அவளிடம் வந்து, பதினேழாம் வரிசையில் ஐந்தாவது பன்றி இரண்டு நாளாகத் தின்னவில்லை, முதுகில் சிவப்புச் சாக்கட்டியால் கோடு போட்டிருக்கிறேன், அதற்கு ஊசி போடாமல் விட்டுவிடுங்கள் என்றான். போகும்போது, "பன்னிக்கு நடுவுல கெடந்துக்கிட்டு, கறி உள்ள வந்தா நோய் வரும்னு தினமும் முட்டையத் திங்கிறோம் பாருங்க அக்கா. வெளிய போனா எனக்கும் சேத்து ஒரு தட்டு கறி தின்னுட்டு வாங்க," என்றான்.

அவள் காதுக்குப் பின்னால் கழுத்தை மட்டுமே பார்த்துக் குத்திக்கொண்டு போனாள். சிவப்புக் கோடு கண்ணில் பட்டபோது ஊசி உள்ளே இறங்கியிருந்தது. புது ஊசிகள் நடைபாதைக் கோடியில் இருந்தன. வரிசையில் இன்னும் ஏழு பன்றிகள். அதே ஊசியால் ஏழையும் முடித்தாள்.

ஆறாம் நாள் அந்த ஏழும் படுத்துவிட்டன. காதுகள் ஊதா நிறம். அவற்றில் இரண்டு பன்றிகள் செத்த குட்டிகளை ஈன்றன. பிறகு அடுத்த வரிசை, அதற்கடுத்தது. எங்கே தொடங்கியது என்று அவளுக்கு மட்டும் தெரிந்தது.

ஜூன் நான்காம் தேதி லூ சுன்மேய், தாகாங் இருவரையும் அலுவலகத்துக்குக் கூப்பிட்டார். மஞ்சள் பெட்டியில் நானூற்று எண்பது ஊசிகளும் இருந்தன, ஊசி போட்டதில் தவறில்லை என்று தாளைக் காட்டினார். வாசல் கேமராவில் தாகாங் ஒரு நாள், மே இருபத்தொன்பதில், நோயுற்றவை இருக்கும் கூடத்திலிருந்து பூட்ஸ் மாற்றாமல் உள்ளே வந்தது தெரிந்தது. நோயை அவன்தான் கொண்டுவந்தான் என்றார் லூ.

தாகாங் கோபப்படவில்லை. அதற்கு முன்பே ஒரு பன்றிக்கு உடம்பு சரியில்லை, குறி போட்டேன் என்றான். குறி எங்கே என்று லூ கேட்டார். கொட்டகையைத் தினமும் தண்ணீர் அடித்துக் கழுவுகிறார்களே, அது இன்னுமா இருக்கும் என்றான் தாகாங். அவன் சுன்மேயிடம் திரும்பினான்.

"அக்கா, நீங்களே சொல்லுங்க. சிவப்பு போட்டிருந்தேன்ல?"

பார்த்தேன் என்றால் அடுத்த கேள்வி ஊசியைப் பற்றி வரும். விசாரணையில் இருப்பவர்கள் வெளியே போக முடியாது.

"நான் ஒண்ணும் பாக்கல," என்றாள்.

"நெசமாவா?"

"குனிஞ்சே இருந்தேன். பாக்கல."

லூ அவளுடைய விடுப்புத் தாளில் கையெழுத்துப் போட்டார்.

ஏழாம் தேதி பள்ளி வாசலில் நூறு அம்மாக்கள், எல்லோரும் சிவப்பில். சீப்பாவ் இடுப்பில் பிடித்தது. மூன்று முறை குளித்துவிட்டு வந்தும் கையில் கிருமிநாசினி வாடை போகவில்லை. கைபேசியில் பண்ணைக் குழுவில் இரண்டு செய்திகள். மூன்றாம் கொட்டகைப் பன்றிகள் முழுவதும் கொன்று அப்புறப்படுத்தப்பட்டன. பெங் தாகாங் குழுவிலிருந்து நீக்கப்பட்டார்.

பதினொன்றரை மணிக்கு நிங் வெளியே ஓடி வந்தாள். மொழித்தாள் சுலபம் என்றாள். அம்மாவைச் சுற்றி வந்து பார்த்தாள்.

"நெசமாவே வந்துட்டியேம்மா. உன்ன எப்படி விட்டாங்க?"

சுன்மேய் கைபேசியைப் பைக்குள் போட்டாள். வா, சாப்பிடப் போகலாம் என்றாள். கடையில் நிங் தனக்கு ஒரு தட்டுப் பன்றிக்கறி சொன்னாள். சுன்மேய் முட்டை சொன்னாள்.