இடது பக்கத்து ஸ்பிரிங்

1

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உக்கடம் பக்கத்தில் ஓர் ஒர்க் ஷாப்பில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, என் கணவர் தன் காருக்கு ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் தேர்ந்தெடுப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தபோது வந்தது. கதையாக வரவில்லை, வயிற்றெரிச்சலாகத்தான் வந்தது. எழுதினால் அடங்கும் என்று நினைத்தேன். இதுவரை அடங்கவில்லை.

முதல் வரியை இப்படித் தொடங்கினேன்:

லோகப்பிரியா அந்தச் சிவப்புக் காரை வெறுத்தாள், ஏனென்றால்

அடித்துவிட்டேன். நான் அந்தக் காரை வெறுக்கவில்லை. இரண்டு பேர் மட்டுமே உட்காரக்கூடிய, கூரையை மடித்துவிடக்கூடிய பழைய ஸ்போர்ட்ஸ் கார். கல்யாணமான புதிதில் இருவரும் சேர்ந்துதான் தேடிப்பிடித்து வாங்கினோம். "புள்ளைகுட்டி உட்கார எடமில்லாத காரு என்னத்துக்குங்க?" என்று இரண்டு வீட்டிலும் கேட்டார்கள். எங்களுக்கு அந்த இடமில்லாமைதான் வேண்டியிருந்தது.

(இங்கே ஆழியாறு, வால்பாறை மலைப்பாதை, காற்றில் பறக்கும் துப்பட்டா என்று ஒரு பத்தி இருந்தது. நன்றாகவே இருந்தது. ஆனால் அந்தப் பத்தியில் என் கணவர் நல்லவராகிவிடுகிறார். எடுத்துவிட்டேன்.)

2

லோகப்பிரியாவும் வேண்டாம். 'நான்' என்றே எழுதுகிறேன். கணவர் பெயரை மட்டும் கிருபாசங்கர் என்று மாற்றி வைக்கிறேன். அவருக்குப் பீளமேட்டில் குடும்பத்தின் பம்ப் செட் கம்பெனி, எனக்குச் சரவணம்பட்டியில் ஐ.டி. வேலை.

கொடுமைக்காரக் கணவன் என்றால் வாசகருக்குச் சட்டென்று புரியும், எனக்கும் வேலை சுலபம். கிருபாசங்கர் குடிக்க மாட்டார், கை நீட்ட மாட்டார், குரலை உயர்த்த மாட்டார். என்னைக் 'கண்ணு' என்றுதான் கூப்பிடுவார்.*

(* பால் ஊற்ற வரும் பையனையும் கண்ணு என்றுதான் கூப்பிடுவார்.)

எங்கள் பக்கத்து மரியாதை அப்படி. புருஷன் பெண்டாட்டி சண்டையிலும் வாய்க்கு வாய் 'ங்க' போட வேண்டும். அதைப் போட்ட பிறகு சண்டை எங்கே மிஞ்சும்? நான் கடைசியாகப் போட்ட சண்டை முழுவதும் இதுதான்:

"ஞாயித்துக்கெழமையாவது அந்தச் செவப்புக் கார்ல என்னையுங் கூட்டிட்டுப் போலாமல்லங்க?"

"போலாங் கண்ணு. அதுக்கென்ன."

போகவில்லை. ஏன் போகவில்லை என்றால், அவருக்கு

இந்த வாக்கியத்தைப் பல தடவை தொடங்கிப் பார்த்துவிட்டேன். காரணமென்று ஒன்றும் இல்லை. இருந்தால் எழுதிவிட மாட்டேனா?

3

நடந்ததைச் சொல்கிறேன். கிணத்துக்கடவில் ஒரு கல்யாண வரவேற்பு. வீட்டின் பெரிய காரில் போகும் வழியில், பழுதுபார்க்க விட்டிருந்த சிவப்புக் காரை ஒரு எட்டு பார்த்துவிட்டுப் போகலாம் என்றார் கிருபாசங்கர்.

ஒர்க் ஷாப் வைத்திருக்கும் அமீர் ஹம்சா பாய், கழற்றிய பழைய ஸ்பிரிங்குகளைத் தரையில் நிறுத்தி வைத்திருந்தார். டிரைவர் பக்கத்தது நசுங்கி ஒரு விரல் குட்டையாகியிருந்தது. நான் உட்காரும் இடது பக்கத்தது கொஞ்சமும் தளரவில்லை.

"சார் தனியாத்தான் ஓட்டறீங்களாட்ட இருக்குதுங்க" என்று சிரித்தார்.

புதிதாகப் போட இரண்டு வகை சொன்னார். ஒன்று மெத்தென்று இருக்கும், குழியும் ஸ்பீடு பிரேக்கரும் உடம்புக்குத் தெரியாது. இன்னொன்று குட்டை, விறைப்பு. வளைவில் வண்டி சாயாது, ரேஸ் டிராக்கில் ஓட்டத் தோதானது. ஆனால் ரோட்டில் கிடக்கும் ஒவ்வொரு கல்லும் முதுகில் ஏறும். எனக்கு முதுகில் டிஸ்க் விலகியிருக்கிறது. அது கிருபாசங்கருக்குத் தெரியும். ஸ்கேன் எடுத்தபோது வெளியே காத்திருந்தவர் அவர்தான்.

"ஹார்டே போட்டுருங்க பாய்" என்றார்.

"அப்ப ஆளுங்க வெயிட்டுக்குத் தக்கன செட் பண்ணோணுங்க. சீட்டுல அரிசி மூட்டை வெச்சு அளந்துக்குவோம்." பாய் என் பக்கம் திரும்பிக் கூச்சத்தோடு கேட்டார். "தப்பா நெனைக்காதீங்க, அம்மணி எத்தனை கிலோ இருப்பீங்க?"

நான் வாயைத் திறப்பதற்குள், போனைப் பார்த்துக்கொண்டே கிருபாசங்கர் சொன்னார்: "அது தேவையில்லீங்க பாய். அந்த சீட்டு காலியாத்தான் இருக்கும்."

4

கோபத்தில் சொல்லியிருந்தால் பதிலுக்குக் கோபப்பட்டிருப்பேன். டயர் அளவு சொல்வதற்கும் அதே குரல்தான் அவருக்கு. அவர் சொன்னதில் பொய்யும் இல்லை. பொய்யென்றால் மறுத்துப் பேசலாம்.

வரவேற்பில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டோம். "அம்மணிக்கு இன்னொரு கரண்டி பாயசம் ஊத்துங்க" என்று பந்தியில் பரிமாறியவரிடம் சொன்னார். பக்கத்து இலைக்காரி என்னைப் பார்த்துப் பொறாமைப்பட்டாள்.

(இரண்டாவது வரைவில், "இவளுக்கு முதுகு வலிங்க பாய், ஏற மாட்டா, அதான்" என்று அவரைச் சொல்ல வைத்திருந்தேன். படித்துப் பார்த்து எனக்கே அழுகை வந்தது. நானே எழுதிய பொய்க்கு நானே அழுவதா என்று கிழித்துப் போட்டேன்.)

5

இன்றைக்கு ஹம்சா பாய் எனக்குப் போன் செய்தார்.

"ஏனுங்க அம்மணி, சார் ஹார்டுதான் கேட்டாருங்க. எனக்குத்தான் மனசு கேக்கலை. சாயந்தரம் ஆர்டர் போடோணும். உங்களையும் ஒரு வார்த்தை கேட்டுப்போடலாமுன்னு."

இந்தக் கதையில் என்னைக் கேட்ட ஆள் அவர் ஒருவர்தான். கொஞ்ச நேரத்தில் கூப்பிடுகிறேன் என்று சொல்லிவிட்டு எழுத உட்கார்ந்தேன்.

6

மெத்தென்றதையே போடச் சொல்கிறேன் என்று வையுங்கள். கிருபாசங்கர் ஓட்டிப் பார்த்துவிட்டு, "பாய் ஏமாத்திப்போட்டாரு கண்ணு" என்பார். கெட்ட பெயர் பாய்க்கு. சீட்டு அப்போதும் காலி.

விறைப்பானதைப் போடச் சொன்னால், அவர் சொன்னதற்கு நானும் தலையாட்டியதாகிவிடும்.

பெட்டியைத் தூக்கிக்கொண்டு காங்கேயத்துக்குப் பஸ் ஏறலாம். "மாப்பள என்ன சொன்னாருங் கண்ணு?" என்று அப்பா கேட்பார். நான் ஸ்பிரிங்கைப் பற்றிச் சொல்வேன். காப்பி குடிக்க வைத்து, அடுத்த பஸ்ஸில் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

எனக்கு இதில் எதுவும் எழுத வரவில்லை. நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். பாய்க்கு எந்தப் பதிலை வேண்டுமானாலும் சொல்லுங்கள், என்னை எந்த பஸ்ஸில் வேண்டுமானாலும் ஏற்றுங்கள். ஒன்று மட்டும் வேண்டாம். கிருபாசங்கரை மன்னிப்புக் கேட்க வைத்துவிடாதீர்கள். எதற்கு என்று அவருக்குத் தெரியாது. அதையும் நான்தான் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கும்.