மாப்பிள்ளைக்கு ஒரு சர்ட்டிபிகேட்

தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கை அடுக்கும் வேலையை முத்துப்பேச்சியிடமே கொடுத்திருந்தார்கள். அவள் புருஷன் கண்ணுச்சாமிக்கு ஏழாயிரம்பண்ணையில் இரண்டாந்தாரமாகப் பெண் பார்க்கப் புறப்பாடு. கல்யாணமாகி ஆறு வருஷம், பிள்ளை இல்லை. மாமியார் ராக்காயிக்கு அந்த ஒரு காரணம் போதுமாக இருந்தது.

அந்நேரம் பார்த்துப் பேச்சியின் தங்கை வீரலட்சுமி வந்து நின்றாள். மெட்ராசில் எம்.எஸ்ஸி. பயோகெமிஸ்ட்ரி முடித்து, மதுரையில் ஓர் ஆஸ்பத்திரி லேபில் வேலைக்குச் சேர்ந்து நாலு மாதம்.

"டாக்டருக்கும் படிக்கல, டீச்சருக்கும் படிக்கல. அது என்ன படிப்புடி?" என்றாள் ராக்காயி.

"உடம்புக்குள்ள நடக்குற ரசாயனம், அத்தை. மருந்துக் கம்பெனிக்குப் போகலாம், காலேஜுல பாடம் நடத்தலாம், ஆராய்ச்சி பண்ணலாம். நான் இப்ப ரத்தம், மூத்திரம் சோதிக்கேன்."

"மூத்திரம் பாக்கவா மெட்ராசுக்குப் போன?"

வீடே சிரித்தது. பேச்சி மட்டும் சிரிக்கவில்லை. அக்காவின் முகத்தைப் பார்த்த வீரலட்சுமி, கண்ணுச்சாமியிடம் திரும்பினாள்.

"மச்சான், இப்பல்லாம் பொண்ணு வீட்டுக்காரக வெவரமா இருக்காக. கோளாறு யாருக்குன்னு கேட்டா என்ன சொல்லுவீக? உங்க மேல குத்தமில்லைன்னு டாக்டர்கிட்ட ஒரு சர்ட்டிபிகேட் வாங்கிட்டுப் போங்களேன்."

கண்ணுச்சாமி மீசையை முறுக்கினான். "எனக்கென்ன பயம்? ரெண்டு காப்பியா வாங்கிட்டு வாரேன்!"

பெண் பார்க்கும் பயணத்தைத் தள்ளி வைத்துவிட்டு, மறுநாளே மதுரைக்குப் பஸ் ஏறினான். டாக்டர் அனுப்பிய புட்டி வீரலட்சுமியின் மேசைக்குத்தான் வந்தது. விந்தில் உயிரணு ஒன்றுகூட இல்லை. விந்துப் பை சுரந்து கலக்க வேண்டிய சர்க்கரையும் இல்லை. தன் கையையே நம்பாமல் மறுபடி சோதித்தாள். இரண்டு வாரம் கழித்து இன்னொரு புட்டி வரவழைத்துப் பார்த்தும் அதே விடைதான். "பிறவியிலேயே விந்துக் குழாய் சரியா அமையல" என்று டாக்டர் அவனிடம் சொல்லிவிட்டார்.

ஊர் திரும்பிய கண்ணுச்சாமி ஒரு பகல் முழுக்க மாட்டுத் தொழுவிலேயே கிடந்தான். சாயங்காலம் வந்து தாயிடம் மறைக்காமல் சொன்னான். அந்த மட்டுக்கும் அவன் யோக்கியன்.

ராக்காயி பெருமூச்சு விட்டாள். "ஆண்டவன் குடுக்கலைன்னா மனுசன் என்னய்யா செய்வான்?"

ஆறு வருஷமாகப் பேச்சியின் குற்றமாக இருந்தது, அந்த நிமிஷம் ஆண்டவன் குற்றமாகிவிட்டது.

அடுப்படியிலிருந்து பேச்சி வெளியே வந்தாள்.

"ஏன் அத்தை, புள்ளவரம் கேட்டு வெள்ளிக்கு வெள்ளி கோயில் தரையில சோத்தைக் கொட்டி என்னைய மண்சோறு திங்க வச்சீகளே. நாளைக்கு வெள்ளி. யாரு உக்காரணும்?"