தலைகீழாக மாட்டிய தந்திகள்

ஊத் என்ற தந்தி வாத்தியத்தை ஜன்னலோரம் தூக்கிப்பிடித்து, அதன் வயிற்றுத் துளைக்குள் டார்ச் அடித்துப் பார்த்தாள் நவால். உள்ளே பாக்தாத் ஆசாரியின் பெயர் போட்ட மஞ்சள் காகிதம் இருந்தது. காகிதத்தை யார் வேண்டுமானாலும் உரித்து ஒட்டலாம்.

பின்னால் கட்டிலில் அப்பா ஹாஸிம் மூச்சுக்குத் திணறிக்கொண்டிருந்தார். நேற்று வந்த இரண்டாவது பக்கவாதத்தில் பேச்சும் போய்விட்டது. செய்தி கேட்டுத்தான் அவருடைய சிநேகிதர், வாத்தியம் செப்பனிடும் யூனான், செப்பனிட வாங்கி ஆறு மாதமாகக் கடையில் வைத்திருந்த அந்த வாத்தியத்தைத் தூக்கிக்கொண்டு காலையில் வந்தார்.

"சண்டைக் காலத்து விரிசல அடைக்க ஆறு மாசமா, மாமா?"

"விரிசல் ஒரு மாசத்துல முடிஞ்சுது. உங்கப்பன்தான் எடுத்துட்டுப் போகல."

"இது அவரோடது இல்ல. வேற எதையோ கொண்டாந்திருக்கீங்க. அவசரத்துல தந்தியக்கூடத் தலைகீழா மாட்டியிருக்கீங்க பாருங்க. கனத்த தந்தி கீழ இருக்கு."

யூனானின் முகம் சிவந்தது. "அவன்தான் மாத்தச் சொன்னான். மொத தடவ வாதம் வந்ததுலேருந்து இடது கை விரல் தந்திய அமுக்கல. மீட்டுற கட்டையப் பிடிக்க மட்டும் ஆவும். அதான் கை மாத்தி, வலது கையால அமுக்கப் பழகினான். என் கடையில, வாரம் மூணு நாள். போன வாரந்தான் ஒரு பாட்ட முழுசா வாசிச்சு முடிச்சான்."

"அந்த மூணு நாளும் அவர் ஆஸ்பத்திரிக்கு, கைக்குப் பயிற்சிக்குப் போனாரு."

"உன்கிட்ட அப்படிச் சொல்லிட்டுதான் வருவான். அம்பது வருஷம் வாசிச்சவன் சின்னப் புள்ள மாதிரி தடுமாறுறத நீ கேக்கக்கூடாதாம்."

பேச முடியாதவரைச் சாட்சிக்கு இழுக்கிறார் என்று நினைத்தாள் நவால். "அசல் எங்கன்னு என் தம்பி வந்து கேப்பான்."

யூனான் முற்றத்துக்கு இறங்கிப் போனார்.

பிற்பகல் அஸர் தொழுகைக்கு முன்பே அப்பா அடங்கிவிட்டார். குளிப்பாட்ட ஆட்கள் வரும்வரை நவால் பக்கத்தில் இருந்தாள். சரிந்து கிடந்த வலக்கையை எடுத்து நேராக வைக்கப்போனபோது, விரல் நுனிகள் சொரசொரத்தன. ஒவ்வொன்றாகத் தடவினாள். நான்கும் காய்த்துப்போயிருந்தன. இடக்கையைத் திருப்பிப் பார்த்தாள். அவளுக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து கல்லாக இருந்த நுனிகள் மெத்தென்றிருந்தன.

வெளியே ஆண்கள் சேரத் தொடங்கியிருந்தார்கள். யூனான் சுவரோரம் தனியாக நின்றிருந்தார். நவால் துக்க வீட்டுக் கசப்புக் காபியோடு முற்றத்தைக் கடந்து, யாருக்கும் கொடுப்பதற்கு முன் அவரிடம் போய் நீட்டினாள்.

"குடிங்க, மாமா."

அவளைப் பார்க்காமலே வாங்கிக்கொண்டார். குவளை காலியாகும்வரை அவளும் அங்கேயே நின்றாள்.