பெரியான் என்பவருக்கு வாரிசு இல்லை

முத்துவேலின் குடும்ப வரலாறு இருபத்திரண்டு தலைமுறை நீளம். மகள் வளர்மதியின் கல்யாணத்தில், உத்திரமேரூர் மண்டபத்தில், தாம்பூலப் பையோடு ஆளுக்கொரு பிரதி கொடுத்தார்கள். ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் எழுதியது. முதல் மூதாதை சோழனின் யானைப்படைத் தளபதி. யானைகள் பிறகு என்ன ஆயின என்று தகவல் இல்லை. எட்டாம் தலைமுறைக்கும் ஒன்பதாம் தலைமுறைக்கும் நடுவே இருநூறு வருஷத்தைக் காணோம். ‘இக்காலத்தில் குடும்பம் அமைதியாக வாழ்ந்தது’ என்று ஆசிரியர் ஒரே வரியில் அதைத் தாண்டியிருந்தார். யாரும் ஆதாரம் கேட்கவில்லை.

தானியேலுக்கு மூன்று தலைமுறை போதும். தான், அப்பா, தாத்தா. அவனிடம் ஆதாரம் கேட்டார்கள்.

திருப்புலிவனத்துக்குப் பக்கத்தில், ஏரிக்கால்வாயை ஒட்டி ஒன்றரை ஏக்கர் கழனி. வெள்ளைக்காரன் காலத்தில் நிலமில்லாத சேரிக்காரர்களுக்கு அரசாங்கம் கொடுத்தது. வேறு சாதிக்காரர் வாங்கக் கூடாது என்பது நிபந்தனை. பழைய பதிவேட்டில் ‘பெரியான்’ என்று பேர் இருக்கிறது. உழுது அனுபவிப்பது மட்டும் எண்பது வருஷமாக முத்துவேல் வீட்டார். இப்போது அங்கே வீட்டு மனைக்குக் கல் நட்டுக்கொண்டிருந்தார்கள். தடுக்க ஒரே வழி, பெரியானின் வாரிசு வந்து நிற்பது. தானியேல் போய் நின்றான்.

“பெரியான் உன் தாத்தான்னு யார் சொன்னது?” என்று தாலுகா அலுவலகத்தில் கேட்டார்கள்.

“எங்கப்பா சொன்னாரு.”

சிரித்தார்கள்.

அவன் மகள் சோபியாதான் தேவாலயத்துப் பழைய பதிவேட்டைக் கேட்டு வாங்கி, ஒரு வாரம் உட்கார்ந்து பக்கம் பக்கமாகப் புரட்டினாள். செல்போனில் படம் பிடித்துக்கொண்டு ஓடி வந்தாள்.

“நைனா, கெடச்சிட்சி! பூட்டனாரு கீறாரு!”

1938: ‘பெரியான், ஞானஸ்நானத்தில் ஆபிரகாம். மகன் யாக்கோபு, வயது நான்கு. சர்க்கார் கொடுத்த ஒன்றரை ஏக்கர் வைத்திருக்கிறான்.’ 1940: ‘ஆபிரகாம் சனிக்கிழமைகளில் கள் குடிக்கிறான். கண்டிக்கப்பட்டான்.’ 1941: ‘ஞாயிறு ஆராதனைக்கு வராமல் தன் கழனியில் நாற்று நட்டான். மறுபடியும் கண்டிக்கப்பட்டான்.’ 1944: ‘ஆபிரகாம் வரப்பில் மண்டை உடைந்து கிடந்தான். அடக்கம் செய்யப்பட்டான். மரணக் காரணம்: காய்ச்சல்.’

ஒரு மனிதனின் வாழ்க்கை நான்கு குறிப்பு. அதில் இரண்டு திட்டு.

தானியேல் கடைசிக் குறிப்பையே பார்த்துக்கொண்டிருந்தான். “காய்ச்சல்ல மண்ட ஒடையுமா?”

“அந்தக் காலத்துக் காய்ச்சல் நைனா,” என்றாள் சோபியா.

தாலுகா அலுவலகத்துக்கு எதிரே உட்கார்ந்து மனு எழுதும் வினோத்குமாரிடம் கொண்டுபோனார்கள். அவன் படங்களைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் படித்தான்.

“செம ப்ரூஃப்ண்ணா. கேஸ் நிக்கும். ஆனா ஒண்ணு கீது. உன் சாதி சர்டிபிகேட்ல இன்னா பேரு?”

“பாண்டியன்.”

“மதம்?”

ஞாயிற்றுக்கிழமை அவன் தானியேல். அரசாங்கத்துக்குப் பாண்டியன், இந்து. சேரியில் பாதி வீடுகளில் இப்படித்தான், ஆளுக்கு இரண்டு பெயர். கிறிஸ்தவன் என்று எழுதினால் பட்டியல் சாதி இடஒதுக்கீடு போய்விடும். சாதி மட்டும் போகாது. சோபியா சர்டிபிகேட்டில் கல்பனா. அதை வைத்துத்தான் அரசு வேலைக்குத் தேர்வாகியிருந்தாள். அடுத்த மாதம் சான்றிதழ் சரிபார்ப்பு.

“இத உள்ள குடுத்தா இன்னா ஆவும்? யாக்கோபு புள்ள தானியேலு, தானியேலு பொண்ணு சோபியா. நெலம் வர்றதுக்கு எத்தினி வருசமோ. பாப்பா வேல அடுத்த மாசமே பூடும்.”

வினோத்குமார் ரகசியம் காப்பான் என்று எல்லோரும் நம்பினார்கள், முத்துவேல் உட்பட. அவருடைய மனைப் பத்திரங்களையும் அவன்தான் எழுதிக்கொண்டிருந்தான். மறுநாள் காலையில் முத்துவேல் ஆள் அனுப்பினார்.

தானியேல் போனபோது வினோத்குமார் பேனாவோடு அங்கே உட்கார்ந்திருந்தான். தலையைத் தூக்கவில்லை.

“வா தானியேலு. இல்ல பாண்டியனா? இன்னான்னு கூப்புடறது, நீயே சொல்லு,” என்றார் முத்துவேல்.

“எப்படி வேணா கூப்புடுங்க ஐயா.”

“உங்க தாத்தன் பெரியான் எங்க வூட்லதான்யா வேல செஞ்சிக்கினு இருந்தான். செத்தப்போ எங்க தாத்தாதான் கோடித்துணி வாங்கிப் போட்டாரு. அதெல்லாம் மறக்கக் கூடாது.”

“மறக்கல ஐயா. எழுதியே வெச்சிக்கீறாங்க.”

“அந்த எழுத்துதான் பேஜாரு. உன் பொண்ணு எனக்கும் பொண்ணு மாதிரி. வேலைக்குப் போவட்டும். எங்க பக்கத்துலருந்து ஒரு மொட்டைக் கடுதாசி போவாது. நீ ஒண்ணே ஒண்ணு எழுதிக் குடுத்துடு. பெரியான்னு ஒருத்தன் யாருன்னே தெரியாதுன்னு.”

கூட வந்து வாசலில் நின்றிருந்த சோபியா உள்ளே வந்துவிட்டாள். “கையெழுத்துப் போடாத நைனா. வேல போனா போவட்டும்.”

“உன் பூட்டன் மாதிரி பேசாத,” என்றான் தானியேல். “அவருக்கு இன்னா ஆச்சின்னு நீதான படிச்ச.”

வினோத்குமார் முன்னாலேயே எழுதி வைத்திருந்தான். ‘மேற்படி பெரியான் என்பவருக்கும் எனக்கும் எவ்வித உறவும் இல்லை என இதன் மூலம் உறுதியளிக்கிறேன்.’ இரண்டு இடத்தை மட்டும் காலியாக விட்டிருந்தான்.

“அப்பா பேரு சொல்லுண்ணா.”

“ஏகாம்பரம்.” சர்டிபிகேட்டில் யாக்கோபின் பேர் அது.

“அவருக்கு அப்பா?”

“தெரியாது.”

வினோத்குமார் அதையே எழுதினான். தானியேல் கீழே ‘பாண்டியன்’ என்று கையெழுத்துப் போட்டான்.