க்ரோவிக்கில் யாரும் இல்லை

அந்த இணைப்பைப் போட்டவள் நான்தான். நூலகத்தில் எனக்கு வேலை. மிச்ச நேரத்தில், யாரும் திருத்தக்கூடிய இணைய வரைபடத்தில் உள்ள ஊர்களை அவற்றின் இணையக் கலைக்களஞ்சியக் கட்டுரைகளோடு இணைப்பேன். அந்தக் குளிர்காலத்தில் மட்டும் எழுநூறு ஊர்கள். க்ரோவிக் என்ற தீவு ஊரும் அவற்றில் ஒன்று. பெயர் சரி, தீவு சரி, இணைத்துவிட்டேன். கட்டுரையின் முதல் வரியைப் படித்தேனா என்று இப்போது நினைவில்லை.

'1974இல் கடைசிக் குடும்பம் வெளியேறியது. கைவிடப்பட்ட ஊர்.'

பொய்யில்லை. ஆனால் அந்தக் குடும்பத்து மகள் தாக்ருன் பதினோரு வருடங்களுக்கு முன் திரும்பி வந்து, அப்பாவின் வீட்டுக்குப் புதுக் கூரை போட்டுத் தனியாக வசித்தார். ஒரு வெள்ளி விட்டு ஒரு வெள்ளி படகில் வந்து என்னிடம் புத்தகம் எடுப்பார்.

இரண்டு தடவை வரவில்லை. தொலைபேசியில் கூப்பிட்டேன்.

"படகு வராதாம். இங்க யாருமே இல்லன்னு கம்ப்யூட்டர் சொல்லுதாம். பேய்க்கெல்லாம் படகு விடமாட்டாங்க போல."

அன்றிரவே தேடிப் பார்த்தேன். என் இணைப்பைப் பார்த்த யாரோ ஒருவர் வரைபடத்திலும் க்ரோவிக்கைக் கைவிடப்பட்ட ஊராக மாற்றியிருந்தார். படகு நிறுவனம் அந்த வரைபடத்தை அப்படியே எடுத்துக்கொண்டிருந்தது. மறுநாள் தாக்ருனிடம், விசாரிக்கிறேன் என்றேன். நான்தான் என்று சொல்லவில்லை. என் குரல் எவ்வளவு அக்கறையாக ஒலித்தது என்பதை நானே கேட்டேன்.

வரைபடத்தைத் திருத்த ஒரு நிமிடம் போதும்; திருத்தினேன். அங்கே கண்ணால் கண்டதுதான் சாட்சி. கட்டுரையோடு முரண்படுகிறது என்று ஒரே வாரத்தில் யாரோ பழையபடி மாற்றிவிட்டார். இணைப்பை நீக்கினேன். இணைப்பில்லாத ஊர்களின் பட்டியலில் க்ரோவிக் ஏறியது. என்னைப் போன்ற இன்னொருவர் பொறுப்பாக இணைத்துவிட்டார்.

மிச்சமிருந்தது கட்டுரைதான். அதைப் பார்த்துக்கொள்ளும் ஐவின் மரியாதையான மனிதர். தாக்ருனின் சமையலறையில் நானே காபி குடித்திருக்கிறேன் என்று எழுதினேன்.

"நீங்க குடிச்சதை நம்பறேன். ஆனா அது எதுலயும் அச்சாகலையே" என்று பதில் வந்தது.

கலைக்களஞ்சியத்தின் விதி அது. நானே பலரிடம் அதைச் சொல்லித் திருத்தங்களை நீக்கியிருக்கிறேன்.

உள்ளூர்ப் பத்திரிகையில் ஒரு சின்னச் செய்தி வந்தால் போதும் என்று தாக்ருனிடம் கெஞ்சினேன்.

"தனியா இருக்கத்தான் வந்தேன். பேப்பர்ல வரவா வந்தேன்?"

படகு நிறுவனமோ, ஈஸ்டருக்குப் பிறகுதான் புது வரைபடம் ஏற்றுவோம் என்றது.

ஜனவரியில் படித்துறைப் பனியில் வழுக்கி தாக்ருனுக்கு இடுப்பு எலும்பு முறிந்தது. பக்கத்துத் தீவு மீனவர் ஒருவர் தன் படகில் மருத்துவமனைக்குக் கொண்டுவந்து சேர்த்தார். இப்போது நகரசபையின் முதியோர் குடியிருப்பில் ஓர் அறை. ஏலக்காய் பன் வாங்கிக்கொண்டு போய், கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, எல்லாவற்றையும் சொன்னேன்.

அவர் பன்னைப் பாதியாகப் பிய்த்தார்.

"இப்ப அதுல எழுதினது சரியாத்தானே இருக்கு? அங்கதான் யாருமில்லையே. விடு."

திட்டியிருந்தால் என்ன செய்வதென்று எனக்குத் தெரிந்திருக்கும். நீட்டிய பாதியை வாங்கிக்கொண்டேன்.